1971 போரில் இருந்தவர், பென்ஷன் இல்லை: எங்கே விண்ணப்பிப்பது?

செல்வி, கோவில்பட்டி

வணக்கம். அப்பாவுக்கு வயது 78. பீரங்கிப் படையில் கன்னராக 1966-ல் சேர்ந்து, 1975-ல் லான்ஸ் நாயக்காக வெளியே வந்தவர். 1971-ல் கிழக்கு முனையில் இருந்ததற்காக பூர்வி ஸ்டார் பதக்கம் இருக்கிறது. ராணுவப் பென்ஷன் கிடையாது. அதன்பிறகு விவசாயம்தான், வேறு அரசு வேலை எதுவும் பார்க்கவில்லை.

"போர்வீரர்களுக்கு மத்திய அரசு மாதம் 8,000 ரூபாய் தருகிறது, பதக்கத்தைக் காட்டினால் போதும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா? டிஸ்சார்ஜ் புக் (பணியிலிருந்து விடுவித்தபோது தந்த புத்தகம்) நைந்துபோன நிலையில் இருக்கிறது. முன்னாள் படைவீரர் அடையாள அட்டை இதுவரை எடுக்கவில்லை. ஆன்லைனில் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் 3,000 ரூபாய் கேட்கிறார். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

ஹவில்தார் கிளர்க்

8,000 உண்மை. பதக்கத்தைக் காட்டினால் போதும் என்பது பொய். 3,000 கொடுக்காதீர்கள், இதற்குக் கட்டணமே கிடையாது.

நீங்கள் கேட்கும் உதவிக்குப் பெயர் பெனுரி கிராண்ட், அதாவது வறுமை உதவித்தொகை. டெல்லியில் இருக்கும் மத்திய முப்படைவீரர் வாரியம் கொடிநாள் நிதியிலிருந்து தருவது. மாதம் 4,000 ஆக இருந்ததை 2025 அக்டோபரில் இரட்டிப்பாக்கினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் போடப்படும் விண்ணப்பங்களுக்கு 8,000. போருக்குப் போனாரா என்ற கேள்வியே அதில் இல்லை. ஹவில்தார் அல்லது அதற்குக் கீழான தரம் (லான்ஸ் நாயக்கும் இதில் வரும்), 65 வயது நிறைவு, எந்த ஓய்வூதியமும் இல்லாமை, மாநில அரசிடமிருந்து இதே மாதிரி உதவி வாங்காமை, இவற்றைத்தான் பார்ப்பார்கள். போரே பார்க்காமல் வந்தவருக்கும் உண்டு. மூன்று பதக்கம் வைத்திருந்தாலும் சுபேதாராக வந்தவருக்கு இல்லை.

ஆனால் விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் டிஸ்சார்ஜ் புக்கில் ஓர் இடத்தைப் பாருங்கள். பதக்கப் பக்கத்தை எல்லோரும் காட்டுவார்கள். பணம் நிற்பது "டிஸ்சார்ஜ் ஆன காரணம்" என்ற வரியில்தான். ராணுவ விதிகள் 1954, விதி 13(3), அட்டவணை ஐட்டம் 3 என்று எழுதி, அதன் பக்கத்தில் சிறிய ரோமன் எண் ஒன்று இருக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் வழி வேறு.

1 என்றால் சேர்ந்தபோது ஒப்புக்கொண்ட காலம் முடிந்து வந்தவர். 2 என்றால் படைப்பணி முடிந்தும் ரிசர்வில் (தேவைப்பட்டால் திரும்ப அழைக்கும் பட்டியலில்) இடமில்லாமல் வந்தவர். அந்தக் காலத்தில் பலரைச் சில ஆண்டு படைப்பணி, அதன்பின் சில ஆண்டு ரிசர்வ் என்ற ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். இரண்டும் சேர்ந்து 15 ஆண்டு ஆகியிருந்தால் ரிசர்விஸ்ட் பென்ஷன் கேட்க இடமுண்டு. 3 என்றால் மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டவர். 4 சொந்த விருப்பத்தில் வந்தது. 5 மற்ற எல்லாம். "சர்வீஸஸ் நோ லாங்கர் ரிக்வயர்டு" (இனி இவர் பணி தேவையில்லை) என்று எழுதப்படுவது இதன் கீழேதான் வரும்.

4, 5 என்றால் முதலில் அவர் "முன்னாள் படைவீரர்" என்ற இலக்கணத்துக்குள் வருகிறாரா என்று பார்க்க வேண்டும். வெளியே வந்த தேதியைப் பொறுத்து அந்த இலக்கணம் மாறும். உதாரணத்துக்கு, 1979 ஜூலை 1 முதல் 1987 ஜூன் 30 வரை சொந்த விருப்பத்தில் வந்தவர்களுக்குக் குறைந்தது 5 ஆண்டுப் பணி வேண்டும். நடத்தைக் குறைவுக்காக நீக்கப்பட்டவர் எந்தக் காலகட்டத்திலும் வரமாட்டார். இதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

அந்த வரியைப் படித்து இங்கே போடுங்கள், மேலே பேசலாம். கூடவே "மெடிக்கல் கேட்டகரி" என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

இசேவை மாரி

அண்ணன் சொன்னதோடு நடைமுறையையும் சேர்த்துவிடுகிறேன்.

முதல் வேலை அடையாள அட்டை. தூத்துக்குடி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அசல் டிஸ்சார்ஜ் புக், ஆதார், புகைப்படங்கள், வங்கிப் புத்தகத்தோடு அப்பாவை அழைத்துப் போய்ப் பதிவு செய்யுங்கள். அட்டை எண் இல்லாமல் டெல்லி வாரியத்தின் தளத்தில் ஒரு அடிகூட நகராது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை மாதிரி பிறகு பிரிந்த மாவட்டங்களில் இருந்தால், உங்கள் கோப்பு பழைய மாவட்டத்தில் இருக்கிறதா புதியதில் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தளத்தில் கோப்பு இருக்கும் அலுவலகத்தைத்தான் தேர்வு செய்ய வேண்டும். தவறான மாவட்டத்தைத் தட்டினால் விண்ணப்பம் யாரும் திறக்காத பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

பிறகு மத்திய முப்படைவீரர் வாரியத்தின் தளத்தில் பதிவு. படை எண், தரம், ரெக்கார்ட் ஆபீஸ் (அவர் படைப்பிரிவின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்), சேர்ந்த தேதி, வெளியான தேதி எல்லாம் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடியே இருக்க வேண்டும். மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் வீட்டாருடையதாகவே கொடுங்கள். ஆன்லைனில் போட்டுத் தரும் சென்டர்காரர் தன் எண்ணைப் போட்டுவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய கோளாறு. திருத்தம் கேட்டு வரும் தகவல் அவருக்குப் போகும், அவர் கடையை மாற்றிவிட்டால் உங்களுக்குக் கடவுச்சொல்லும் போச்சு.

தேவைப்படும் தாள்கள்: டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கமும் (வெற்றுப் பக்கம் உட்பட), அடையாள அட்டை, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், டிஸ்சார்ஜ் புக்கில் வயது தெளிவாக இல்லையென்றால் வயதுச் சான்று, வேறு ஓய்வூதியமோ இதே போன்ற உதவியோ வாங்கவில்லை என்ற உறுதிமொழி. ஸ்கேன் செய்வது அசலைத்தான். அட்டெஸ்ட் செய்த ஜெராக்ஸை ஸ்கேன் செய்து ஏற்றினால் திருப்பிவிடுவார்கள். நைந்த புத்தகத்தை லேமினேட் செய்யாதீர்கள். பளபளப்பில் ஸ்கேன் தெளிவாக விழாது, அலுவலகத்தில் பின்பக்கம் புரட்டிப் பார்க்கவும் முடியாது. பகல் வெளிச்சத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரு கோப்பாக எடுங்கள்.

வங்கிக் கணக்கு எஸ்பிஐ அல்லது பிஎன்பி-யில், அவர் பெயரில், ஆதார் இணைத்ததாக இருக்கட்டும். வருடக்கணக்காகப் பணம் போடாமல் கிடக்கும் கணக்கு முடங்கியிருக்கும், கேஒய்சி புதுப்பித்துவிட்டு எண்ணைக் கொடுங்கள்.

ஏற்றியதோடு வேலை முடியாது. அசல்களோடு மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டும். அவர்கள் பரிந்துரைத்தால் மாநில இயக்குநரகம், அங்கிருந்து டெல்லி. தளத்தில் நிலையை அடிக்கடி பாருங்கள். "அப்சர்வேஷன்" என்று வந்தால் நிராகரிப்பு இல்லை, ஏதோ ஒரு தாளைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். கவனிக்காமல் விட்டால்தான் அது நிராகரிப்பாகும்.

அனுமதி கிடைத்த பிறகும் மாதா மாதம் 1-ஆம் தேதி வங்கியில் போய் நிற்க வேண்டாம். இது பென்ஷன் இல்லை, நிதி விடுவிப்பதைப் பொறுத்து மொத்தமாக வரும். ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, அப்பா தாலுகா அலுவலகம் வழியாக முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறாரா? வாங்கினால் உறுதிமொழியில் கையெழுத்துப் போடும் முன் மாவட்ட உதவி இயக்குநரிடம் சொல்லிவிடுங்கள். ஆதார் வழியாக எல்லாம் வெளியே தெரியும் காலம் இது. மறைத்து வாங்கினால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

செல்வி, கோவில்பட்டி

மிக்க நன்றி, இருவருக்கும். முதியோர் ஓய்வூதியம் வாங்கவில்லை.

டார்ச் அடித்துப் படித்துப் பார்த்தோம். காரணம்: விதி 13(3), ஐட்டம் 3, சிறிய எண் 3. மெடிக்கல் கேட்டகரி என்ற இடத்தில் "இஇஇ" என்று இருக்கிறது. காது கேளாமை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். சேரும்போது எடுத்த கேட்டகரி "ஏஒய்இ". ஆனால் அப்பாவுக்குப் போரில் காயம் எதுவும் படவில்லை. கிராஜுவிட்டி என்று ஒரு சிறு தொகை அப்போது கொடுத்தார்களாம். பிறந்த தேதி புத்தகத்தில் 1947, ஆதாரில் 1950. அம்மா பெயர் புத்தகத்தில் இல்லை, கல்யாணம் 1976-ல்தான்.

ஹவில்தார் கிளர்க்

அப்படியென்றால் விஷயமே வேறு. பெனுரி கிராண்ட் இருக்கட்டும், இவர் கேட்க வேண்டியது ஊனமுற்றோர் ஓய்வூதியம், அதாவது டிஸபிலிட்டி பென்ஷன்.

போர்க்காயம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். போரில் காயம்பட்டு வந்தவருக்கு வார் இஞ்சுரி பென்ஷன் என்று தனியாக, அதிகத் தொகையில் ஒன்று உண்டு. டிஸபிலிட்டி பென்ஷனுக்கு அது தேவையில்லை. பணியால் வந்த அல்லது பணியால் கூடிய உடற்குறை, அதுவும் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும். இதற்கு 15 ஆண்டு, 10 ஆண்டு என்ற குறைந்தபட்சப் பணிக்கால நிபந்தனையும் இல்லை. ஒன்பது ஆண்டு பீரங்கி அருகில் நின்றவருக்குக் காது போனது பணியால் இல்லை என்று சொல்வது கடினம்.

ஏஒய்இ-யில் சேர்த்து இஇஇ-யில் அனுப்பியிருக்கிறார்கள். நல்ல உடம்போடு உள்ளே போனவர், படைப்பணிக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவராக வெளியே வந்தார் என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. அதைப் பத்திரமாக வையுங்கள், வழக்கே அதில்தான் நிற்கும். கிராஜுவிட்டி வாங்கியதால் பயப்பட வேண்டாம், அது ஒருமுறைத் தொகை. பென்ஷனில் கழிப்பார்களா என்பது பிறகு பேசும் கணக்கு.

இப்போது செய்ய வேண்டியது: நாசிக் ரோட்டில் இருக்கும் ஆர்ட்டிலரி ரெக்கார்ட்ஸுக்கு (பீரங்கிப் படையின் ரெக்கார்ட் ஆபீஸ்) மாவட்ட நல அலுவலகம் வழியாக ஒரு கடிதம், கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்று. மனுவில் பொதுவாக "என் தந்தையின் விவரம் தரவும்" என்று எழுதாதீர்கள், பதிலும் பொதுவாகவே வரும். இவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்: இன்வேலிடிங் மெடிக்கல் போர்டு (உடல்தகுதி இல்லை என்று முடிவுசெய்த மருத்துவக் குழு) அறிக்கை நகல், சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனை நகல், டிஸபிலிட்டி பென்ஷன் கோரிக்கை அலகாபாத் பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதா, நிராகரித்திருந்தால் அந்தக் கடிதத்தின் நகல், லாங் ரோல் (ஒவ்வொருவரின் பணிச் சுருக்கமும் உள்ள பதிவேடு) பதிவின் நகல். மனு அப்பா பெயரிலேயே, அவர் கையெழுத்தோடு போகட்டும். மகள் பெயரில் போனால் மூன்றாம் நபர் தகவல் என்று மறுக்க வாய்ப்புண்டு.

பெரும்பாலும் என்ன பதில் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பென்ஷன் இல்லாதவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகள்தான் வைத்திருப்பார்கள், பிறகு அழித்துவிடுவார்கள். ராணுவ ஒழுங்குமுறையின் 595-ஆம் பத்தி அதற்கு இடம் கொடுக்கிறது. "ஆவணம் அழிக்கப்பட்டது, லாங் ரோல் மட்டும் உள்ளது" என்று ஒரு பக்கத்தில் பதில் வரும். மனம் தளர வேண்டாம். அந்த லாங் ரோல் அழிக்கப்படாத பதிவேடு. சேர்ந்த தேதி, வெளியான தேதி, காரணம் எல்லாம் அதில் இருக்கும். டிஸ்சார்ஜ் புக்கோடு அது ஒத்துப்போனால் அடிப்படை கிடைத்துவிட்டது.

சட்டப்படி

ரெக்கார்ட்ஸிலிருந்து பதில் வந்த பிறகு என்ன என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் டிஸபிலிட்டி பென்ஷன் கேட்டு ரெக்கார்ட் ஆபீஸுக்கு முறையான மனு. நிராகரிப்பு வந்தால் மேல்முறையீடு. அதுவும் மறுக்கப்பட்டாலோ, பதிலே இல்லாமல் ஆறு மாதம் கடந்தாலோ சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். நேராக அங்கே போனால் "முதலில் துறையிடம் கேளுங்கள்" என்று திருப்பிவிடுவார்கள். அந்த அலைச்சல் வேண்டாம்.

மூன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தரம்வீர் சிங் வழக்கு, 2013: சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், பின்னால் வந்த குறை பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. சுக்விந்தர் சிங் வழக்கு, 2014: மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டவரின் குறை 20 சதவீதத்துக்கு மேல் என்றே கொள்ள வேண்டும். தர்சேம் சிங் வழக்கு, 2008: பென்ஷன் மறுப்பு மாதா மாதம் தொடரும் தவறு, ஆகவே தாமதத்தால் உரிமை போகாது, ஆனால் நிலுவை வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான். 1975-லிருந்து கணக்குப் போட்டு லட்சக்கணக்கில் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே காரணத்தால் நாள் தள்ளத் தள்ள நஷ்டமும் உங்களுக்கே.

2023-ல் வந்த புதிய தகுதி விதிகளைக் காட்டி யாராவது மறுத்தால், அவை 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியேறியவர்களுக்கு உரியவை என்று எழுதுங்கள். அப்பாவுக்குப் பழைய விதிகள்தான். அதேபோல 10 ஆண்டுக்குக் குறைவாகப் பணி செய்தவர்களுக்கும் இன்வேலிட் பென்ஷன் (உடல்தகுதி இழந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கான ஓய்வூதியம்) என்று 2020 ஜூலையில் ஓர் ஆணை வந்தது. அது 2019 ஜனவரி 4 அன்றோ அதன் பிறகோ பணியில் இருந்தவர்களுக்கு மட்டும். அதைக் குழப்பிக்கொண்டு மனுவில் எழுதாதீர்கள்.

பலவீனம் எங்கே என்றால், மருத்துவ போர்டு அறிக்கை அழிக்கப்பட்டிருந்தால் சதவீதம் எவ்வளவு, பணியால் வந்ததா என்று அன்று என்ன எழுதினார்கள் என்பது தெரியாது. ஆவணம் இல்லாத இவ்வளவு பழைய வழக்குகளில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் வந்திருக்கின்றன. எதிர்த்தரப்பு தாமதத்தைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் டிஸ்சார்ஜ் புக்கின் அந்தப் பக்கத்தை இப்போதே நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து வையுங்கள். அரசு மருத்துவமனையில் காது பரிசோதனை செய்து ஆடியோகிராம் எடுத்து வைத்தால் இன்றைய நிலைக்குச் சான்றாகும்.

வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பயந்தால்: 2025 ஜூலையில் தேசிய சட்டப்பணிகள் ஆணையம் படைவீரர் குடும்பங்களுக்காக வீர் பரிவார் சகாயதா திட்டத்தைத் தொடங்கியது, படைவீரர் நல அலுவலகங்களிலேயே இலவச சட்ட உதவி மையம் வைப்பதற்காக. தூத்துக்குடியில் எந்த நாளில் அமர்கிறார்கள் என்று அலுவலகத்தில் கேளுங்கள்.

செல்வி, கோவில்பட்டி

அப்போது பெனுரி கிராண்ட் விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கலாமா? அப்பா வயதை நினைத்தால் எது முதலில் என்று தெரியவில்லை. வயது வித்தியாசத்துக்கும் அம்மா பெயருக்கும் என்ன செய்வது?

ஹவில்தார் கிளர்க்

நிறுத்த வேண்டாம், இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள். இன்றைக்கு அவருக்குப் பென்ஷன் இல்லை என்பது உண்மை, உறுதிமொழியில் பொய் இல்லை. பென்ஷன் ஆணை வரும் நாளில் வாரியத்துக்கு எழுதிக் கிராண்டை நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

வயதுக்கு: ராணுவப் பதிவில் உள்ள தேதிதான் நிற்கும். ஆதாரை அதற்கேற்ப மாற்றுங்கள், டிஸ்சார்ஜ் புக்கை மாற்ற முயலாதீர்கள். ஆதாரில் பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒருமுறைதான் திருத்த முடியும், ஆகவே நாள், மாதம், வருடம் மூன்றையும் சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள். பெயரிலும் ஒரு கண் வையுங்கள். நம் ஊர் இனிஷியலை ராணுவத்தில் விரித்து எழுதியிருப்பார்கள், அல்லது விட்டேவிட்டிருப்பார்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் தயாராக இருக்கட்டும்.

அம்மா பெயரை இப்போதே சேர்க்க வேண்டும், அப்பா கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே. அவர் காலத்துக்குப் பிறகு கிராண்ட் தானாக அம்மாவுக்கு மாறாது. கைம்பெண் அடையாள அட்டை எடுத்து, 65 வயது நிபந்தனையோடு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். டிஸபிலிட்டி பென்ஷன் கிடைத்து, பின்னால் குடும்ப ஓய்வூதியம் கேட்கும் நிலை வந்தாலும் "மனைவி பெயர் பதிவில் இல்லை" என்பதில்தான் கோப்பு முதலில் நிற்கும். அப்பாவின் பிரமாணப் பத்திரம், திருமணச் சான்று (1976-ல் பதிவு செய்திருக்க மாட்டீர்கள்; கோயிலில் நடந்திருந்தால் அந்த ரசீது, இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலர் அறிக்கையோடு தாசில்தாரிடம் கேளுங்கள்), இருவர் ஆதார், சேர்ந்து எடுத்த புகைப்படம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றில் பெற்றோர் பெயர் உள்ள நகல். இவற்றை மாவட்ட அலுவலகத்தின் முகப்புக் கடிதத்தோடு நாசிக் ரோட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உறையின் மேல் படை எண்ணை எழுதுங்கள். எல்லாவற்றிலும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

இசேவை மாரி

ஒன்று விட்டுப்போனது. பென்ஷன் இல்லாததால் இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) மருத்துவ வசதி அப்பாவுக்கு இப்போது கிடையாது. ஹவில்தார் வரை உள்ள பென்ஷனில்லாதவர்களுக்கு அதே வாரியத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை மருத்துவ கிராண்ட் இருக்கிறது. அதே லாகினில்தான் விண்ணப்பம். ஆஸ்பத்திரி பில், மருந்துச் சீட்டு எல்லாவற்றின் அசலையும் தேதி வாரியாக எடுத்து வையுங்கள். காது பரிசோதனைச் செலவும் காதுக் கருவி வாங்கினால் அதன் ரசீதும் அதில் சேருமா என்று சரிபார்ப்புக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள். பில்லில் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்க வேண்டும், "பெரியவர்" என்றோ ஊர்ப் பெயரிலோ மருந்துக் கடையில் எழுதித் தந்தால் அங்கேயே மாற்றி வாங்குங்கள்.